பதினொன்றும் இருபத்திரண்டும்

பயாப்சி ரிப்போர்ட்டின் மூன்றாவது பக்கத்தில் 'ஃபிஷ் - பாசிட்டிவ்' என்று இருந்தது. பாம்பனில் நாட்டுப்படகில் நண்டு வலை விடுகிற என் மச்சான் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அந்த ஒரு சொல் மட்டும் சட்டென்று பிடிபட்டுவிட்டது. "என்ன மாப்ள, ஆஸ்பத்திரி பேப்பர்லயும் மீனா?" என்றார். அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

"அது மீன் இல்ல மச்சான். டெஸ்ட்டோட பேரு. தம்பி உடம்புல ரெண்டு ஜீன் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்காம். அதுதான் வியாதியாம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "எப்படி ஒட்டுச்சு? யாரு ஒட்டுனா?"

2023 தொடக்கம் அது. என் மருமகனுக்குப் பதினாலு வயது. அக்கா அந்தக் கேள்வியை ஒரு வருடம் விடவில்லை. கருவாடா, கர்ப்பத்தில் தான் சாப்பிட்ட எதுவுமா, கிரகணத்தன்று வெளியே போனதா, அவனை ஃபுட்பால் விளையாட விட்டதா? ராத்திரி பதினொரு மணிக்கு ஃபோன் செய்து கேட்பாள். டாக்டர்கள் 'காரணம் தெரியாது' என்றார்கள். அது சரியான பதில்தான், ஆனால் ஒரு அம்மாவுக்குப் போதாத பதில். அவளுக்குச் சொல்வதற்காகப் படிக்க ஆரம்பித்தேன். கதை நூறு வருடத்துக்குப் பின்னால் போயிற்று.

*

முதலில் அவனுக்கு முழங்காலுக்குக் கீழே வீக்கம். பந்து பட்டது என்றான். எண்ணெய் போட்டுக் கட்டு கட்டினார்கள். வீக்கம் வடிந்த மாதிரி இருந்தது, திரும்ப வந்தது, கூடவே காய்ச்சல். ஒரு டாக்டர் எலும்பில் சீழ் என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார். இப்படியே மூன்று மாதம். அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. படித்த பிறகு குறைந்தது. இந்தப் புற்றுநோய் உலகம் முழுக்க அப்படித்தான் ஏமாற்றுகிறது. காய்ச்சல் வரும், ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஏறும், அறுத்துப் பார்த்தால்கூட உள்ளே சீழ் போல ஒழுகும்.

இதன் பெயர் யூவிங் சர்கோமா. ஜேம்ஸ் யூவிங் நியூயார்க்கில் நோய்க்குறியியல் பேராசிரியர். 1921-ல் பதினாலு வயதுப் பெண் ஒருத்தியின் முன்கை எலும்பில் இருந்த கட்டியைப் பற்றி எழுதினார். அது வழக்கமான எலும்புப் புற்று என்றுதான் முதலில் நினைத்திருந்தார்கள். ஆனால் ரேடியம் வைத்ததும் கரைந்தது. எலும்புப் புற்று அப்படிக் கரையாது. ஆகவே இது வேறு என்றார். அவர் வாழ்க்கையில் ஒரு விசித்திரம் உண்டு. அவருக்கே பதினாலு வயதில் எலும்பில் சீழ் வைத்து இரண்டு வருடம் படுக்கையில் கிடந்திருக்கிறார். எந்த நோயாக இருக்குமோ என்று டாக்டர்கள் தவறாக நினைப்பார்களோ அதே நோய், அதே வயதில்.

வேறு நோய் என்று சொன்னாரே தவிர, எங்கிருந்து வருகிறது என்பதில் யூவிங்கின் ஊகம் நிற்கவில்லை. ரத்தக் குழாயின் உள்சுவர் என்றார். எந்த செல்லிலிருந்து தொடங்குகிறது என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. அடுத்த அறுபது வருடம் மைக்ராஸ்கோப்பில் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: சின்னதாக, உருண்டையாக, சாயத்தில் நீலமாக நிற்கும் செல்கள். சங்கடம் என்னவென்றால் குழந்தைகளுக்கு வரும் இன்னும் நான்கைந்து புற்றுகளும் அதே மாதிரிதான் தெரியும்.

*

இங்கே கொஞ்சம் கடலுக்குப் போக வேண்டும். மன்னார் வளைகுடாவில் வலை விடுகிறவர்களுக்குக் கடல் முள்ளெலி ஒரு தொல்லை. உடம்பெல்லாம் முள், வலையில் சிக்கினால் எடுக்கக் கை கிழியும், விலையும் கிடையாது. மச்சான் அதைத் திட்டாமல் வலையிலிருந்து எடுத்து நான் பார்த்ததில்லை. புற்றுநோய் என்பது குரோமோசோம் கோளாறு என்ற எண்ணம் பிறந்தது இந்த ஜந்துவின் முட்டையில்தான்.

தியோடர் பொவேரி என்ற ஜெர்மானியர் நேப்பிள்ஸ் கடற்கரையில் கடல் முள்ளெலி முட்டைகளை வைத்து வேலை செய்தார். ஒரு முட்டைக்குள் இரண்டு விந்தணு புகுந்தால் குரோமோசோம்கள் தாறுமாறாகப் பங்கு பிரிகின்றன, கரு உருக்குலைந்து போகிறது. அதைப் பார்த்தவருக்கு ஒன்று தோன்றியது: ஒரே ஒரு செல்லில் குரோமோசோம் கணக்குத் தவறினால், அந்த ஒன்றே பெருகிக் கட்டியாகலாம் அல்லவா? 1914-ல் சின்னப் புத்தகமாகப் போட்டார். மனிதக் கட்டியில் அதைக் காட்ட அவரிடம் சான்று இல்லை. அடுத்த வருடமே இறந்தும் போனார். அதே 1914-ல்தான் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் ஊர்க்காரனுக்கு அந்த வருடத்தைப் பார்த்தால் பாலம்தான் ஞாபகம் வரும்.

பொவேரியின் ஊகத்துக்குச் சான்று கிடைக்க நாற்பத்தாறு வருடம் ஆயிற்று. மனிதனுக்கு 46 குரோமோசோம்கள் என்பதே 1956-ல்தான் உறுதியானது. அதுவரை 48 என்று பாடம் நடத்தினார்கள். பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல் ரத்தப் புற்று செல்களைக் குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டார். அது முறையான வழி இல்லை. ஆனால் தண்ணீர் புகுந்து செல் உப்பியதும் உள்ளே குரோமோசோம்கள் விலகித் தெளிவாகத் தெரிந்தன. டேவிட் ஹங்கர்ஃபோர்டுடன் சேர்ந்து 1960-ல் அறிவித்தார்: நாள்பட்ட மைலாய்ட் ரத்தப் புற்று உள்ளவர்களின் செல்லில் ஒரு குரோமோசோம் அளவில் மிகச் சிறிதாக இருக்கிறது. ஊர்ப் பெயரே அதற்கு வந்தது: பிலடெல்பியா குரோமோசோம்.

காணாமல் போன துண்டு எங்கே? பதில் சொன்னவர் சிகாகோவில் ஜேனட் ரௌலி. நான்கு மகன்களை வளர்த்துக்கொண்டு வாரத்தில் சில நாள் மட்டும் வேலைக்குப் போன டாக்டர். குரோமோசோம் புகைப்படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் கத்தரிக்கோலால் வெட்டி ஜோடி சேர்ப்பார். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். 1973-ல் எழுதினார்: துண்டு தொலையவில்லை, 22-லிருந்து உடைந்தது 9-ன் முனையில் ஒட்டியிருக்கிறது. இடம் மாறிய ஒட்டு.

பத்து வருடம் கழித்து, 1983-ல், பாரிஸிலிருந்து ஒரு குழு, லியோனிலிருந்து ஒரு குழு. இரண்டு பேரும் ஒரே மருத்துவ இதழின் ஒரே எண்ணில் ஒரே செய்தியைச் சொன்னார்கள். யூவிங் கட்டியில் 11-ம் 22-ம் துண்டு மாற்றிக்கொண்டிருக்கின்றன. உடைந்த இடத்தில் இருந்த ஜீன்கள் எவை என்று 1992-ல் பாரிஸின் கியூரி நிறுவனத்தில் ஒலிவியே டெலாத்ரும் சகாக்களும் கண்டுபிடித்தார்கள். 22-ல் இருப்பது ஈ.டபிள்யூ.எஸ்., 11-ல் இருப்பது எஃப்.எல்.ஐ.-1.

*

அக்காவுக்கு நான் இதை ரயிலை வைத்துத்தான் சொன்னேன். மானாமதுரை ஜங்ஷன்ல ரெண்டு வண்டி நிக்குது. ஒண்ணு எப்பவும் எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கிற வண்டி. இன்னொண்ணுல இருக்கிற கார்டுக்குத்தான் எந்தெந்த ஸ்டேஷன்ல நிக்கணும்னு தெரியும். அந்த வண்டி தேவைப்படுற அன்னிக்கு மட்டும்தான் கிளம்பும். ராத்திரி யாரோ கப்ளிங்கை மாத்திப் போட்டுட்டாங்க. இப்ப ஓயாத எஞ்சின், வேற வண்டியோட கார்டு. நிக்கக் கூடாத ஸ்டேஷன்ல எல்லாம் நிறுத்தி, இறக்கக் கூடாத சரக்கை இறக்கிக்கிட்டே போகுது.

ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. ஈ.டபிள்யூ.எஸ். எல்லாச் செல்லிலும் எந்நேரமும் ஓடும் ஜீன். அதன் முன்பாதி பிற ஜீன்களை முடுக்கும் வலு உள்ளது. எஃப்.எல்.ஐ.-1-ன் பின்பாதிக்கு டி.என்.ஏ.யில் எங்கே உட்காரவேண்டும் என்ற விலாசம் தெரியும். ஜி.ஜி.ஏ.ஏ. என்ற நான்கு எழுத்து எங்கே வருகிறதோ அங்கே. நம் மரபணுத் தொகுதியில் இந்த நான்கெழுத்து வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் நிறைய உண்டு. வேலை இல்லாத வெற்றிடம் என்று விட்டுவைத்திருந்த பகுதிகள். இணைந்த புரதம் போய் உட்கார்ந்ததும் அவை சுவிட்சுகளாகிவிடுகின்றன. நூற்றுக்கணக்கான ஜீன்கள் ஒரே சமயத்தில் எழுகின்றன, வேறு நூற்றுக்கணக்கானவை அணைகின்றன.

இதில் என்னை உலுக்கியது வேறு. நுரையீரல் புற்று போன்றவற்றில் ஆயிரக்கணக்கான மரபணுப் பிழைகள் சேர்ந்திருக்கும். யூவிங் கட்டியின் மரபணுத் தொகுதியைப் படித்தவர்கள் அங்கே கிட்டத்தட்ட அமைதியைத்தான் பார்த்தார்கள். இந்த ஒரு ஒட்டு. சில சமயம் கூட ஒன்றிரண்டு. அவ்வளவுதான். அது போதுமாக இருக்கிறது.

யாரு ஒட்டுனா? யாரும் இல்லை. நம் செல்களில் டி.என்.ஏ. உடைவதும், செல்லே அதை ஒட்டிக்கொள்வதும் அன்றாட வேலை. ஒருநாள் ஒரு செல்லில் இரண்டு குரோமோசோம்கள் ஒரே சமயத்தில் உடைந்து, முனை மாறி ஒட்டிவிட்டது. அப்பா அம்மாவிடமிருந்து வந்தது இல்லை. கருவாட்டுக்கும் கிரகணத்துக்கும் ஃபுட்பாலுக்கும் சம்பந்தம் இல்லை. இதை அக்காவிடம் குறைந்தது இருபது தடவை சொல்லியிருப்பேன். "சரிடா" என்பாள். அடுத்த வாரம் மறுபடி கேட்பாள்.

ரிப்போர்ட்டில் இருந்த 'ஃபிஷ்' இந்த உடைப்பைப் பார்க்கும் வழி. ஈ.டபிள்யூ.எஸ். ஜீனின் ஒரு பக்கத்தில் சிவப்பாக மினுங்கும் சாயம், மறுபக்கத்தில் பச்சை. ஜீன் முழுசாக இருந்தால் இரண்டும் சேர்ந்து மஞ்சளாகத் தெரியும். உடைந்திருந்தால் சிவப்பு தனி, பச்சை தனி. ராத்திரியில் கரையிலிருந்து படகு விளக்குகளைப் பார்ப்பது போல என்று மச்சானிடம் சொன்னேன். உடனே புரிந்துகொண்டார். இந்தச் சோதனைகள் வந்த பிறகு பழைய பெயர்ப் பட்டியலே மாறிப்போனது. நெஞ்சுச் சுவரில் வருகிற கட்டிக்கு ஒரு பெயர், நரம்புத் தன்மை காட்டுகிற கட்டிக்கு ஒரு பெயர் என்று தனித்தனி நோயாக வைத்திருந்தவை எல்லாம் ஒரே ஒட்டின் பிள்ளைகள் என்று தெரிந்து யூவிங் குடும்பத்தில் சேர்க்கப்பட்டன.

*

"ஒட்டிக்கிட்டதுதான் வியாதின்னா, அதைப் பிரிக்க மருந்து இல்லையா?" இது மச்சான்.

இந்தக் கேள்விக்கு வரலாற்றில் இரண்டு பதில் இருக்கிறது. அதில் ஒன்றின் பெரும்பகுதி சென்னையில் நடந்தது.

ரௌலி பார்த்த 9-22 ஒட்டில் பிறக்கும் புரதம் ஒரு நொதி. அதன் உடம்பில் ஒரு குழி உண்டு. அங்கே எரிபொருள் வந்து உட்கார்ந்தால்தான் அது வேலை செய்யும். அந்தக் குழியை அடைக்கிற மூலக்கூறைச் செய்துவிட்டால்? இமாடினிப் அப்படிப் பிறந்தது. பிரையன் டிரக்கர் 1998-ல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். தினமும் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்த எண்ணிக்கை சரியானது. 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒரு ஒட்டு, ஒரு பூட்டு, ஒரு மாத்திரை.

அதே 1998 ஜூலையில் நோவார்ட்டிஸ் இந்த மருந்தின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில். 2003-ல் தனி விற்பனை உரிமை கிடைத்தது. மாதம் சுமார் 1,20,000 ரூபாய்; இந்தியக் கம்பெனிகள் அதே மருந்தைச் சுமார் 8,000-க்கு விற்றுக்கொண்டிருந்தன. புற்றுநோயாளிகளுக்கான ஓர் அமைப்பும் இந்தியக் கம்பெனிகளும் எதிர்த்தன. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. தெரிந்த மருந்தின் புது வடிவம் கூடுதலாகக் குணம் தராவிட்டால் காப்புரிமை இல்லை என்கிற 3(டி) பிரிவே செல்லாது என்று கம்பெனி சென்னை உயர்நீதிமன்றம் போனது. 2007 ஆகஸ்டில் தோற்றது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. பரமக்குடியிலோ ராமநாதபுரத்திலோ இன்று ஒருவர் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார் என்றால் அதற்குப் பின்னால் இந்த ஏழெட்டு வருட வழக்கு இருக்கிறது.

அக்கா கேட்டது நியாயம்: "அந்த மாத்திரை இவனுக்கு ஆகாதா?"

ஆகாது. அங்கே ஒட்டிப் பிறந்தது நொதி. இங்கே பிறந்தது பிற ஜீன்களை முடுக்கிவிடுகிற, தனக்கென்று நிலையான உருவமே இல்லாத புரதம். நண்டு என்றால் ஓட்டில் இடுக்கு இருக்கும், பிடித்துவிடலாம். இது சொறிமீன் மாதிரி. எங்கே பிடிப்பது? 1992-லிருந்து முயற்சி நடக்கிறது. ஜெஃப்ரி டொரெட்ஸ்கி குழுவின் கண்டுபிடிப்பிலிருந்து வந்த ஒரு மருந்து நோயாளிகள் வரை போனது, நிலைக்கவில்லை. 2022-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது இன்னும் வேடிக்கை: அந்த மருந்து செல்லைக் கொல்வது ஒட்டுப் புரதத்தைப் பிடித்து அல்ல, செல் பிரியும்போது உதவும் நுண்குழாய்களைக் கெடுத்துத்தான். அந்த வேலையை ஏற்கெனவே அறுபது வருடமாக ஒரு பூச்செடி செய்துகொண்டிருக்கிறது.

இதில் காசுக் கணக்கும் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அமெரிக்காவில் வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் அளவில் வருகிற நோய். அதிலும் பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். யார் கம்பெனி நடத்தினாலும் முதலில் இந்தப் பக்கம் வரமாட்டார்கள்.

*

அந்தப் பூச்செடி நித்தியகல்யாணி. எங்கள் பக்கத்தில் சுடுகாட்டுப் பூ. மணலிலும் உப்புக் காற்றிலும் தண்ணீர் இல்லாமலும் நிற்கும், ஆடு கடிக்காது. அதனால் சமாதிகளுக்கு நடுவில் அதுதான் பூத்துக்கொண்டிருக்கும். வீட்டில் வைக்கமாட்டார்கள். மடகாஸ்கரிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய செடி. சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று பல நாடுகளில் கஷாயம் குடித்திருக்கிறார்கள். ஜமைக்காவிலிருந்து ஒரு டாக்டர் அனுப்பிய இலைகளை கனடாவில் ராபர்ட் நோபிள் எலிக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் சரிந்தன. வெள்ளை அணுவைச் சரிப்பது ரத்தப் புற்றுக்கு ஆகுமே! 1958-ல் நோபிளும் சார்லஸ் பியரும் வின்பிளாஸ்டினைப் பிரித்தார்கள். எலி லில்லி கம்பெனியின் வின்கிறிஸ்டினுக்கு 1963-ல் அனுமதி கிடைத்தது. டன் கணக்கில் காய்ந்த இலை போட்டால் கிராம் கணக்கில் கிடைக்கும் சரக்கு. ராமநாதபுரம், திருநெல்வேலி மானாவாரிக் காடுகளில் நித்தியகல்யாணியைப் பயிராகவே போட்டு, இலையும் வேரும் வெளிநாட்டுக்கு ஏற்றினார்கள். யாருக்காகப் போகிறது என்று விதைத்தவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

மற்ற மருந்துகளின் பூர்வீகமும் இப்படித்தான். டாக்சோரூபிசின் இத்தாலியில் ஒரு பழைய கோட்டையருகே எடுத்த மண்ணின் நுண்ணுயிரிலிருந்து. சைக்ளோபாஸ்பமைட் விஷவாயு ஆராய்ச்சியின் வழித்தோன்றல். ஒட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் 1970-களில் இவற்றைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு முன், கதிர்வீச்சோ காலை எடுப்பதோ மட்டும் செய்த காலத்தில், பத்தில் ஒரு பிள்ளைதான் பிழைத்தது. கட்டி கரைந்தாலும் நோய் அதற்குள் நுரையீரலுக்குப் போயிருக்கும். மருந்துகள் சேர்ந்த பிறகு, நோய் பரவாத நிலையில் வந்தவர்களில் பத்தில் ஏழு பேர் பிழைக்கிறார்கள். பரவிய நிலையில் வந்தால் மூன்று பேர்கூட இல்லை. மூன்று மாதம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டதன் எடை அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் புற்றுநோய் என்றால் வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொன்ன காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை. முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயில் இறந்தார். அந்தத் துக்கத்திலிருந்து அடையாறு மருத்துவமனை எழ முப்பது வருடம் ஆனது. 1954 ஜூனில் 12 படுக்கைகளோடு தொடங்கியபோது அங்கே டாக்டர் கிருஷ்ணமூர்த்தி இருந்தார், மறுவருடம் சாந்தா சேர்ந்தார். குழந்தைகளின் புற்றுக்கென்று தனி வார்டு அங்கே வந்ததும், 'குணமாகும்' என்ற சொல்லைப் பெற்றோரிடம் சொல்லத் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான்.

என் மருமகனுக்கு எங்கே பார்த்தோம் என்பது இங்கே வேண்டாம். சென்னையில். அப்போது பாம்பன் பாலத்தில் ரயில் நின்றுபோயிருந்தது; ராமநாதபுரம் வரை பஸ்ஸில் வந்து ராத்திரி வண்டி ஏறவேண்டும். புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணம் இல்லை, துணைக்குப் போகிறவருக்குக் கால்வாசி. அந்தச் சலுகைத் தாளை மச்சான் படகு லைசென்ஸோடு சேர்த்து பாலிதீன் கவரில் வைத்திருப்பார். பதினாலு சுற்று மருந்து. ஒரு சுற்றில் வின்கிறிஸ்டின், டாக்சோரூபிசின், சைக்ளோபாஸ்பமைட். அடுத்ததில் வேறு இரண்டு. சிவப்பாக இறங்கும் டாக்சோரூபிசினுக்கு அவன் 'ரோஸ்மில்க்' என்று பேர் வைத்தான். நடுவில் ஆபரேஷன். நோய்ப்பட்ட எலும்புத் துண்டை வெளியே எடுத்து, கதிர்வீச்சுக் கொடுத்து, அதே எலும்பை அதே இடத்தில் தகடு வைத்துப் பொருத்தினார்கள். கால் இருக்கிறது. ஃபுட்பால் இல்லை.

வின்கிறிஸ்டின் எந்தச் செடியிலிருந்து வருகிறது என்று அக்காவிடம் ஃபோனில் சொன்ன அன்று அவள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த தடவை ஊருக்குப் போனபோது கழிவறைச் சுவரோரம் ஒரு நித்தியகல்யாணி நின்றது. முன்பென்றால் முளைத்ததும் பிடுங்கியிருப்பாள். நானும் கேட்கவில்லை.

2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு ராமேஸ்வரத்திலேயே வண்டி ஏற முடிகிறது. போன செக்கப்புக்கு நாங்கள் நாலு பேரும் போனோம். பாலத்தில் வண்டி மெல்லப் போகும்போது மச்சான் ஜன்னல் வழியாகக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, இந்தத் தடவையும் அந்த மீன் டெஸ்ட் எடுப்பாங்களா?"

"இல்ல மச்சான். நெஞ்சுக்கு சிடி மட்டும்தான்."